தாங்கியில் ஊற்றும் திரவம் வால்வைத் தொடாது

கோப்பாயிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 90,000 கிலோமீற்றர் ஓடிய அவருடைய நேரடி உட்செலுத்தல் பெற்றோல் கார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் உதறி, சூடேறியதும் சீராகிவிடுகிறதாம். கராஜில் கார்பன் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கொடுத்த சுத்திகரிப்புத் திரவத்தை மூன்று முறை பெற்றோலுடன் ஊற்றியும் பயனில்லை என்கிறார்.

கராஜின் கணிப்புச் சரியாக இருக்கலாம், மருந்துதான் தவறு. பழைய முறை எஞ்சினில் பெற்றோல், சிலிண்டருக்குள் காற்றை விடும் உள்ளெடுப்பு வால்வின் பின்புறத்தில் தெளிக்கப்படுவதால், வால்வு ஓயாமல் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் எஞ்சினிலோ இன்ஜெக்டர் பெரும்பாலும் 100 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. வால்வைக் கடந்து போவது காற்றும், எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து திரும்ப உறிஞ்சப்படும் ஒயில் ஆவியுமே; அந்த ஆவி சூடான வால்வில் படிந்து, அடிப்பிடித்த கூழ்ப்பானை போலக் கருகி இறுகிவிடுகிறது. டொயோட்டா தன் சில எஞ்சின்களில் இருவகை இன்ஜெக்டர்களையும் சேர்த்துப் பொருத்துவதால் கிடைக்கும் நன்மைகளுள் வால்வு கழுவப்படுவதும் ஒன்று.

ஏ9 வீதியில் கிளிநொச்சி வரை விரட்டி ஓடினால் எல்லாம் எரிந்துவிடும் என்பாரும் உளர். பிஸ்டன் தலையில் உள்ள கரி ஓரளவு எரியலாம். வால்வின் பின்புறத்தில் நெருப்பே இல்லாதபோது அங்குள்ள கரி எப்படி எரியும்?

ஆயினும், எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்கானரில் பிழைக் குறியீட்டைப் பாருங்கள். பி0301 என்று வந்தால் முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். அதன் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் கொயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கையில் குறியீடும் பி0302 என மாறினால், குற்றவாளி கொயிலேயன்றிக் கார்பன் அல்ல. கூலன்ட் மட்டம் காரணமின்றிக் குறைந்து வருமாயின், சிலிண்டர் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கஸ்கெட்டையும் சந்தேகிக்க வேண்டும். காலை நேர உதறலுக்கு அதுவும் ஒரு காரணம்.

இவை சரியாக இருந்தால், உள்ளெடுப்புக் குழாய்த் தொகுதியைக் கழற்றி, சிறு கமராவை உள்ளே விட்டு வால்வுகளைப் படமெடுக்கச் சொல்லுங்கள். தண்டைச் சுற்றித் தடித்த கரி தெரிந்தால், நம்பகமான வழி வால்நட் ஓட்டுத் துகளை அழுத்தக் காற்றுடன் பீய்ச்சி, அதே வேளையில் உறிஞ்சி எடுப்பதாகும். வேலை நடக்கும் சிலிண்டரின் உள்ளெடுப்பு வால்வுகள் முற்றாக மூடியிருக்க வேண்டும். இதைக் கவனிக்காத கராஜிடம் காரை விடாதீர்கள். துகள் கிடைக்கவில்லையென்று மணலைப் பயன்படுத்தச் சம்மதிக்கவும் வேண்டாம். அது வால்வு இருக்கையையும் சிலிண்டர் சுவரையும் அரித்துவிடும். கரைப்பானில் ஊறவிட்டுக் கையால் சுரண்டுவதும் ஏற்புடையதே, ஆனால் பொறுமை வேண்டும். மீண்டும் பூட்டும்போது புதிய கஸ்கெட் போடச் சொல்லுங்கள்.

பின்னர் தயாரிப்பாளர் குறித்த தர ஒயிலை உரிய காலத்தில் மாற்றுங்கள். ஒயில் ஆவியைத் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வையும் அவ்வேளையில் சோதிப்பியுங்கள். மீதமுள்ள சுத்திகரிப்புத் திரவத்தை வீச வேண்டியதில்லை, இன்ஜெக்டர் நுனிக்கு அது உதவும்.