வெள்ளம் வந்தால் டாப்-அப், மச்சான் கேட்டால் டாப்-அப்

கேள்வி: வயது 47. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 52,000. 2012-இல் 18 லட்சம் கடனில் அத்திப்பட்டில் 1,000 சதுர அடி வீடு கட்டினேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு 4 லட்சம், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 5 லட்சம் டாப்-அப் (அதே வீட்டுக் கடன்மேல் கூடுதல் கடன்) வாங்கிப் பழுதுபார்த்தேன். பாக்கி 16 லட்சம், தவணை 26,000. தடாவில் இருக்கும் மச்சான், பழவேற்காடு ஏரிப் பக்கம் சேர்ந்து மனை வாங்கலாம், இன்னொரு 8 லட்சம் டாப்-அப் போடுங்கள் என்கிறார். ஏஜென்ட் ஒருவர் காலநிலை மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் முதலீடு) போடச் சொல்கிறார். கடல் ஏறுகிறது என்கிறார்கள், வீட்டை நினைத்தாலே பயம். என்ன செய்வது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. உலகக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, வேகமும் கூடுகிறது. அதற்காகக் கடல் நாளைக்கே உங்கள் வாசலுக்கு வந்துவிடாது. பிரச்சினை எண்ணூர் முகத்துவாரத்தில்தான். அங்கே கடல் உயர்ந்து நிற்கும் நேரத்தில் பூண்டி ஏரியிலும் தண்ணீர் திறந்துவிட்டால், கொசஸ்தலையாறு வடிய இடமில்லாமல் ஊருக்குள் நிற்கும். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் படிந்து கிடக்கிறது. இதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

ஆனால் இப்போது உங்களை அதிகம் கெடுப்பது அந்த டாப்-அப் பழக்கம். வீட்டை ஏ.டி.எம். மாதிரி வைத்திருக்கிறீர்கள். பழுதுபார்த்த தரையையும் கதவையும் அடுத்த வெள்ளம் கொண்டுபோகும், கடன் மட்டும் 15 வருடம் நிற்கும். 8 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் 15 வருடம் என்றால் தவணை ஏறக்குறைய 8,350. மொத்தம் கட்டுவது 15 லட்சம். இருக்கிற 26,000-உடன் சேர்த்தால் 34,000-ஐத் தாண்டும், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கடைசித் தவணை கட்டும்போது உங்களுக்கு 62 வயது. 58-இல் ரிடையர் ஆனால் மீதியை யார் கட்டுவது?

அந்த மனையும் ஏரிக்கரைத் தாழ்வான நிலம். வீட்டுக்கு வரும் அதே புயல்தான் அங்கேயும் வரும். சொந்தக் காசு இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சரி, செய்ய வேண்டியது வீட்டுக்குக் காப்பீடு. இரண்டு வெள்ளம் பார்த்தும் உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. கடன் வாங்கும்போது பேங்கில் போட்டது பெரும்பாலும் உங்கள் உயிருக்கான பாலிசியாக இருக்கும், எடுத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தருகின்றன. புயல், வெள்ளம் இரண்டும் அதில் அடக்கம். நில மதிப்பைச் சேர்க்காதீர்கள், திரும்பக் கட்ட ஆகும் செலவு போதும். சதுர அடிக்கு 2,200 என்றால் 22 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 4.4 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். நகைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். பிரீமியம் வருடத்துக்குச் சில ஆயிரத்துக்குள் அடங்கும். இதுவரை வெள்ளத்துக்காக நீங்கள் வாங்கிய 9 லட்சத்தை நினைத்துப் பாருங்கள். அக்டோபருக்கு முன்பே எடுத்துவிடுங்கள். புயல் சின்னம் உருவான பிறகு ஓடினால் வேலைக்கு ஆகாது.

ஃபண்ட் விஷயம்: பெயரில் காலநிலை இருக்கிறது என்பதற்காக உங்கள் வீட்டில் தண்ணீர் புகுந்தால் அது பணம் தரப்போவதில்லை. இப்போது வேண்டாம். புதுத் தவணை கட்டத் தயாராக இருந்தீர்களே, அதில் பாதியாக மாதம் 4,000 பேங்க் ஆர்.டி.யில் (தொடர் வைப்பு) போடுங்கள். இரண்டு வருடத்தில் ஒரு லட்சம் அளவுக்குச் சேரும். அடுத்த மழைக்கு மோட்டாருக்கும் வயரிங்குக்கும் கடன் வேண்டியிருக்காது. அப்புறம் வரும் போனஸ் எல்லாம் கடன் அசலுக்குப் போகட்டும்.

மச்சானிடம் “பார்க்கலாம்” என்று சொல்லி இழுக்காதீர்கள், அதை அவர் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார். முதலில் மனைவியிடம் 34,000 கணக்கைக் காட்டுங்கள். அப்புறம் இருவருமாகத் தடாவுக்குப் போய், அவர் மனைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்குள் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.