பணியாரத்தில் ஓட்டை போடும் பேத்தி

கேள்வி: என் இரண்டு வயதுப் பேத்தி, வெள்ளைப் பணியாரத்தின் நடுவே விரலால் ஓட்டை போட்டு, அதன் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்த பிறகே ஒரு வாய் வாங்குகிறாள். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்புவதற்காக மருமகள் அதைத் தினமும் வீடியோ எடுக்கிறாள். போனைக் கண்டதும் குழந்தை சாப்பாட்டை மறந்துவிடுகிறாள். என்ன செய்வது?
- வாசகி, காரைக்குடி

பதில்: ஓட்டை போடுவதைத் தடுக்காதீர்கள், ஆச்சி. ஒன்பது மாத வாக்கில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பொருளை எடுக்கப் பழகும் குழந்தைகள், உணவைத் தொட்டும் பிய்த்தும் பிசைந்தும் பார்த்த பிறகுதான் பல நேரம் அதை வாயில் வைக்கத் துணிகிறார்கள். வீடியோ எடுப்பதிலும் தவறில்லை; ஆனால் போனை முகத்துக்கு நேரே நீட்டாமல், வளவுத் (வீட்டின் உள்முற்றத்து) தூண் ஓரமாக நின்று அரை நிமிடம் எடுத்தால் போதும், எடுத்ததை அப்போதே குழந்தைக்குக் காட்டவும் வேண்டாம். இரண்டு வயதில் திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியிருக்கிறது; அந்த நேரத்தைச் சாப்பாட்டு வேளையில் செலவழிப்பானேன்?

வீடியோவில் அகப்படாதவற்றை, அதாவது தேதி, அன்றைய பலகாரம், பணியாரத்துக்கு அவள் வைத்திருக்கும் மழலைப் பெயர் ஆகியவற்றை, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன இடத்துக் கணக்கையெல்லாம் பேரேட்டில் பதிந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன! வீடியோக்களின் பிரதியை உங்கள் மகன் தம் கணினியிலும் சேமித்துக்கொள்ளட்டும்.