கடித்ததா, பட்டதா? குழந்தைகளும் பூச்சிகளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. காலையில் எழுந்தபோது கழுத்தில் இரண்டு விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு. மறுநாள் அதன்மேல் பொடிப்பொடியாகக் கொப்புளம். எரிகிறது என்று அழுகிறாள். மாமியார் 'அக்கி, காவி எழுதினால் போய்விடும்' என்கிறார். பக்கத்து வீட்டில் 'சிலந்தி எச்சம்' என்கிறார்கள். எது சரி?
வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் இல்லை. இது பேடரஸ் என்கிற சின்ன வண்டின் வேலையாகத்தான் தெரிகிறது. நெல் வயலில் வாழும் வண்டு. மழை விட்டதும் ராத்திரியில் டியூப்லைட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். பார்த்தால் வண்டு என்றே சொல்ல மாட்டீர்கள், நீண்ட எறும்பு மாதிரி இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்குள்தான் நீளம். தலை கறுப்பு, அடுத்த பகுதி ஆரஞ்சு, நடுவில் நீலப்பச்சைப் பட்டை, மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு.

இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. தோலில் ஊரும்போது குழந்தை தூக்கத்திலேயே கையால் தேய்த்துவிடும். நசுங்கிய உடம்பிலிருந்து வரும் பெடரின் என்ற நச்சு தோலைப் புண்ணாக்கும். கை எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் கோடு விழும். முழங்கை மடிப்பில் பட்டால், மடக்கும்போது எதிர்ப்பக்கமும் ஒட்டி, ஒரே மாதிரி இரண்டு புண்கள் நேருக்கு நேராகத் தெரியும். இந்த அடையாளத்தைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். இன்னொன்று: பட்டவுடன் ஒன்றும் தெரியாது, கோடு தெரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால் நேற்று சாப்பிட்ட பலகாரத்தைக் குற்றம் சொல்லாமல் முந்தின ராத்திரியை யோசித்துப் பாருங்கள்.

அக்கி என்பது சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து பின்னால் கிளம்புவது. உடம்பின் ஒரே பக்கத்தில், நரம்பு போகும் வழியில், கொத்துக் கொத்தாக வரும். குழந்தைகளுக்கு அபூர்வம். காவி எழுதி 'போய்விட்ட' அக்கிகளில் பல இந்த வண்டுப் புண்தான். அது எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஏழு முதல் பத்து நாளில் ஆறிவிடும், பெயர் மட்டும் காவிக்குப் போய்ச் சேரும். உடைந்த கொப்புளத்தில் மண் பூசினால் சீழ் பிடிக்கிற அபாயமும் இருக்கிறது.

குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை வையுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். நீர் கசியாத இடத்தில் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீமை மெல்லியதாக இரண்டு வேளை, ஐந்து நாள் வரை தடவலாம். கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம். அரிப்பு மருந்து இதற்கு அதிகம் உதவாது, ஏனென்றால் இது ஒவ்வாமை இல்லை, ஒருவகைத் தீப்புண். கை வழியாகக் கண்ணுக்குப் போய் இமை வீங்கினால் நிறைய தண்ணீரில் கழுவி, அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள். ஆறின பிறகு கறுத்த தடம் சில வாரம் இருக்கும், அதற்கு எதுவும் பூச வேண்டாம்.

இனிமேல் இந்த வண்டை உடம்பில் பார்த்தால் அடிக்காதீர்கள். ஊதிவிடுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டு இரண்டு மூன்று தடவை கழுவி, தலையணை உறையையும் மாற்றுங்கள். கட்டிலுக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் கட்டிலைத் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் மூன்று வயதுப் பையனுக்கு இரண்டு மாதமாகக் காலிலும் கையிலும் தடிப்பு. ஒன்று ஆறினால் இன்னொன்று. அதே பாயில் படுக்கும் எங்களுக்கு ஒன்றும் இல்லை. ரத்தம் கெட்டுவிட்டதா?
வாசகர், சேலம்

பதில்: ரத்தம் கெடவில்லை. கொசு, மூட்டைப்பூச்சி, நாய்த்தெள்ளு கடிக்குச் சில குழந்தைகளின் தோல் இப்படி மிகையாகக் கோபப்படும். பெரியவர்களுக்குப் பல வருஷக் கடியில் பழகிப்போயிருக்கும். புதிதாக ஒரு கடி பட்டால் பழைய தடிப்புகளும் சேர்ந்து அரிக்கும், அதனால்தான் 'உள்ளேயிருந்து வருகிறது' என்று தோன்றுகிறது. தடிப்பின் நடுவே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி இருக்கிறதா பாருங்கள். ஆனால் விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் பக்கம் அரித்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சொறி சிரங்கு. அதற்கு வைத்தியம் வேறு.

மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டில் இடுக்குகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா மைப் புள்ளி மாதிரி கறுப்புத் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அரிப்புக்கு செட்டிரிசின் சிரப்: ஐந்து மில்லியில் ஐந்து மில்லிகிராம் உள்ள பாட்டில் என்றால் இந்த வயதுக்கு இரண்டரை மில்லி, தினம் இரண்டு வேளை. லேபிளைப் படிக்காமல் ஊற்ற வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். புண்ணின்மேல் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் கிருமி சேர்ந்துவிட்டது, டாக்டர் பார்க்க வேண்டும்.

கேள்வி: தேனீ கொட்டினால் சுண்ணாம்பு வைக்கலாமா? இரண்டாம் நாள் வீக்கம் அதிகமாவது ஏன்?
வாசகி, தென்காசி

பதில்: சுண்ணாம்பு மேல்தோலைச் சுடும், உள்ளே இறங்கிய நஞ்சைத் தொடாது. முதல் வேலை கொடுக்கை எடுப்பது. கறுப்பு முள் மாதிரி, நுனியில் சின்னப் பையோடு தோலில் நிற்கும். தேனீ பறந்த பிறகும் அந்தப் பை துடித்துத் துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். நகமோ, விரலோ, எது கையில் கிடைக்கிறதோ அதனால் எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எத்தனை நொடியில் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. குளவி கொடுக்கை விட்டுப் போகாது, தேடிக் கிள்ளாதீர்கள். பிறகு சோப்பால் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள்.

வீக்கம் இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போவது இயல்பு. மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவி, காய்ச்சலும் வந்தால்தான் சீழைச் சந்தேகப்பட வேண்டும்.

கொட்டிய இடத்தை விட்டு வேறெங்கோ கோளாறு தெரிந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கம்முவது, மூச்சு இழுப்பு, வாந்தி, மயக்கம். 108-ஐ அழையுங்கள். குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். அங்கே உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மருந்து அதற்கு ஈடாகாது. வாயிலோ தொண்டையிலோ கொட்டினாலும், ஒரே நேரத்தில் பல தேனீ கொட்டினாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

கேள்வி: செந்தேளா கருந்தேளா என்று தெரியாவிட்டால்?
வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: குழந்தையைக் கொட்டியது எந்தத் தேளானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உருவத்தில் பெரிய கருந்தேளை விடச் சின்னச் செந்தேள்தான் இதயத்தைத் தாக்கும். வியர்த்துக் கொட்டுவது, கை கால் சில்லிடுவது, வாந்தி எல்லாம் அதன் அடையாளம். வலி குறைந்து வியர்வை கூடினால் 'நஞ்சு இறங்குகிறது' என்று நினைத்து ஏமாறாதீர்கள். அங்கே பிராசோசின் மாத்திரையைச் சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கயிறு கட்டுவது, கீறுவது இரண்டும் வேண்டாம்.

கேள்வி: ஆறு நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை என்று வந்துவிட்டது. டாக்டர் 'ஏதாவது பூச்சி கடித்ததா' என்று கேட்கிறார். பையன் இல்லை என்கிறான்.
வாசகி, வேலூர்

பதில்: அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். டாக்டர் சந்தேகப்படுவது உண்ணிக் காய்ச்சலாக (ஸ்கரப் டைபஸ்) இருக்கலாம். அதைப் பரப்பும் பூச்சி கண்ணுக்கே சரியாகத் தெரியாது, கடித்தாலும் வலிக்காது. காய்ச்சல் வருவதற்குள் ஒரு வாரம் பத்து நாள் போய்விடும். அடையாளமாக நிற்பது ஒரே ஒரு கறுப்புப் பொருக்கு, சிகரெட்டால் சுட்டதுபோல, சுற்றிலும் சிவந்திருக்கும். அக்குள், தொடை இடுக்கு, காது மடலுக்குப் பின்னால், தலைமுடிக்குள், ஜட்டியின் எலாஸ்டிக் பதியும் கோடு, இந்த இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பொருக்கு இல்லை என்பதால் இந்தக் காய்ச்சல் இல்லை என்றும் ஆகாது. டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். பொருக்கு கண்ணில் பட்டால் தேய்த்துக் குளிப்பாட்டி உரித்துவிடாதீர்கள், அப்படியே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.