நான்காவது வசனம்

அஸ்ஸலாமு அலைக்கும் பாய்,
ஒன்பதாவது படிக்கும் என் மகன் யூடியூபில் ஒரு வீடியோ காட்டினான். குர்ஆனின் 86-ஆவது அத்தியாயத்தில் வரும் ‘தாரிக்’ என்பது பல்சர் நட்சத்திரமாம், அதாவது சுழன்றுகொண்டே துடிப்பு துடிப்பாக அலைகளை அனுப்பும் நட்சத்திரம். தாரிக் என்றால் தட்டுகிறவன், பல்சரும் தட்டுகிறது என்று அந்தச் சத்தத்தையே போட்டுக் காட்டுகிறார்கள். மெய்சிலிர்த்துவிட்டது. கருந்துளையும் குர்ஆனில் இருக்கிறதாம். நம்பலாமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

வஅலைக்கும் ஸலாம் தம்பி,

போன வாரம் மண்ணடியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்திலிருந்தவர் இதே வீடியோவைக் காட்டினார். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

கருந்துளையை விடுங்கள். பல்சரிலிருந்து நமக்கு வருவது ரேடியோ அலை, சத்தமல்ல. 1967-இல் ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்டது காகிதத்தில் பதிவுக் கருவியின் பேனா போட்ட கோடுகளைத்தான். சுமார் 1.3 நொடிக்கு ஒரு துடிப்பு. அதைச் சத்தமாக மாற்றியது மனிதர்கள்.

அரபியில் இரவில் வந்து சேர்கிற ஆளுக்குத் தாரிக் என்று பெயர். ராத்திரி வருகிறவர் கதவைத் தட்டித்தானே ஆகவேண்டும்? ‘துளைத்து ஒளிரும் நட்சத்திரம்’ என்று மூன்றாவது வசனமே விளக்கமும் சொல்லிவிடுகிறது. வீடியோ அங்கேயே நின்றுவிடுகிறது. நான்காவதைப் படித்தீர்களா தம்பி? காவலர் ஒருவர் இல்லாத ஆன்மா எதுவுமே இல்லை என்கிறது. வானத்தின் மீதும் அந்த நட்சத்திரத்தின் மீதும் சத்தியம் செய்தது இதைச் சொல்லத்தான். ஊரே தூங்கும் நேரத்திலும் உங்கள் மீது ஒரு பார்வை இருக்கிறது. மெய்சிலிர்க்க வேண்டிய இடம் அதுவல்லவா! அடுத்த வரியைக்கூடப் புரட்டாமல் எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டீர்களே, கோபம்தான் வருகிறது.

எனக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் இருந்தார். ஒரு நோன்பின் கடைசி நாட்களில், சஹர் உணவு முடிந்ததும் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். கையில் பேரீச்சங்குலையின் பழைய காம்பு. மஞ்சளாகக் காய்ந்து, மெலிந்து, அரிவாள் போல் வளைந்திருந்தது. கிழக்கே துறைமுக விளக்குகளுக்கு மேலே தேய்பிறை. “ஒரு கண்ணை மூடிக்கிட்டு இதை நிலாவுக்கு நேரா புடி” என்றார். பிடித்தேன். வளைவோடு வளைவு அப்படியே பொருந்தியது. “இப்ப யாசீன்ல முப்பத்தொன்பதாவது ஆயத்தை ஓது.” நிலவு பழைய பேரீச்சங்காம்பு போல் ஆகிவிடுகிறது என்று குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தில் சொல்லும் வசனம். பலமுறை ஒப்பித்ததுதான். அன்று பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. ஹஜ்ரத் அவசரப்படுத்தவில்லை. பாங்கு சொல்லும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பிறை 27 அன்று சுபுஹு என்ற விடியற்காலைத் தொழுகைக்கு முன்னால் மகனை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போங்கள். காம்பு வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.