ஓவியத்தால் நிறவெறியைக் கொஞ்சமாவது அசைக்க முடியுமா?

என் அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் தருமபுரியில் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருந்தார். பெயர்ப்பலகை எழுதுவது போக, இறந்தவர்களின் படமும் வரைந்து தருவார். கறுப்பு வெள்ளை பாஸ்போர்ட் போட்டோவை நீட்டுகிறவர்கள் மறக்காமல் சொல்வது: "அண்ணே, கொஞ்சம் கலர் தூக்கிப் போட்டுடுங்க." ஆயுசு முழுக்கக் கடலைக்காட்டு வெயிலில் நின்ற அம்மா, செத்த பிறகு சிவப்பாகிவிட வேண்டும். வெள்ளையில் துளி மஞ்சள், துளி சிவப்பு கலந்து அப்பாவும் போட்டுக் கொடுப்பார். வயிற்றுப்பாடு.

பாட்டி இறந்தபோது மட்டும் அவர் அந்தக் கலவையைத் தொடவில்லை. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை எடுத்து, கன்னத்து நிழலுக்குக் கொஞ்சம் நீலம் சேர்த்தார். காரியத்தன்று படத்தைப் பார்த்த அத்தை, "ஏண்டா, அம்மாவக் கரியாட்டம் வரைஞ்சு வெச்சிருக்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். "அம்மா அந்தக் கலர்தானேக்கா" என்றார் அப்பா.

அதனால் என் பதில்: முடியும். ஆனால் 'அனைவரும் சமம்' என்று எழுதிப் புறா வரைகிற சுவர்களால் அல்ல. அவற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. (கரண்ட் கம்பத்துக்குச் சாதிச் சங்கக் கொடி வண்ணம் அடிப்பதும் பெயிண்ட் வேலைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

நின்று பார்க்க வைக்கிற படம் வேறு. 1960-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில், வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே படித்த பள்ளிக்கு ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுக் கறுப்பினச் சிறுமி மார்ஷல்கள் எனப்படும் மத்திய அரசுக் காவலர்களின் பாதுகாப்போடு போனாள். அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்த அந்தக் காட்சி 1964-ல் 'லுக்' பத்திரிகையில் வந்தது. முன்னால் இருவர், பின்னால் இருவர். நால்வருக்கும் தலை இல்லை, தோளோடு படம் முடிந்துவிடுகிறது. முகம் தெரிவது அவளுக்கு மட்டும். பின்சுவரில் யாரோ எறிந்த தக்காளி வழிகிறது. எறிந்த கூட்டத்தைப் படத்தில் காணோம். அது நின்றிருக்க வேண்டிய இடத்தில் இப்போது நாம் நிற்கிறோம். முதல்முறை அது உறைத்தபோது எனக்குக் கூச்சமாகிவிட்டது.

நம் பக்கம் 2017-ல் 'டார்க் இஸ் டிவைன்' என்று நரேஷ் நீலும் பரத்வாஜ் சுந்தரும் ஒரு புகைப்பட வரிசை செய்தார்கள். லட்சுமி, முருகன் எல்லோரும் கறுப்பு. காலண்டர் லட்சுமியையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒரு நொடி இடறும். அந்த நொடியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கிரேயான் செய்கிற அமெரிக்காவின் கிரேயோலா கம்பெனி 'சதை நிறம்' என்ற பெயரை 1962-லேயே 'பீச்' என்று பழத்தின் பெயராக மாற்றிவிட்டது. எங்கள் வீட்டில் அண்ணன் மகளுக்கு இன்னும் அது 'ஸ்கின் கலர்'தான். போன மாதம் பாட்டி படத்தைப் பார்த்து வரைய உட்கார்ந்தவள், அந்தப் பென்சிலை எடுத்தாள், படத்தை நிமிர்ந்து பார்த்தாள், திரும்ப வைத்தாள். டப்பாவில் பிரவுன் பென்சில் கூர் மழுங்காமல் புதுசாகவே கிடந்தது.