கடன் ஒருவருக்கு, அடி இன்னொருவருக்கா?

சகோதரி, உங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பையன் கேட்டது நல்ல கேள்வி: "அண்ணன் வாங்கிய கடனுக்குத் தம்பியை அடித்தால் நியாயமா? நம் பாவத்துக்குக் கடவுள் இயேசுவை மட்டும் ஏன் தண்டித்தார்?" அவனை அதட்டி உட்கார வைக்காதீர்கள்.

சிக்கல் அவன் சொன்ன அண்ணன்-தம்பி உவமையில்தான். அதில் மூன்று ஆட்கள்: நீதிபதி, குற்றவாளி, நடுவில் மாட்டிய அப்பாவி. கி.பி. 451இல் ஆயர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் சொன்னது வேறு. கிறிஸ்து ஒரே ஆள். முழுக் கடவுள், முழு மனிதன். அப்படியென்றால் சிலுவையில் இருப்பவர் வெளியாள் இல்லை.

மதுரைப் பிள்ளைகளுக்குக் கீழமாசி வீதி மளிகைக் கடையை வைத்துச் சொல்லுங்கள். பாக்கியை முதலாளியே தள்ளுபடி செய்தால், நட்டம் காற்றில் போகாது, அவர் கல்லாவில்தான் விழும். மன்னிப்பவர் இழக்கிறார். 2 கொரிந்தியர் 5:19ஐ அதன் பக்கத்தில் வாசியுங்கள்: கிறிஸ்துவுக்குள் ஒப்புரவாக்குகிறவர் தேவனே. (இந்தக் கடையையும் ரொம்ப இழுக்காதீர்கள். கடன் பணம்தான், பாவம் உறவு முறிவு.)

அப்புறம், ரோமர் 3:25இல் 'கிருபாதார பலி' என்று வருகிறதே, அதே கிரேக்கச் சொல்தான் எபிரெயர் 9:5இல் 'கிருபாசனம்'. பழைய ஏற்பாட்டில் பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியின் மூடி அது. வருடத்துக்கு ஒருமுறை வரும் பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் ரத்தம் தெளிக்கும் இடம். கோபக்காரரைச் சமாதானப்படுத்தும் லஞ்சம் என்று பையன் நினைத்திருந்தால், இந்த ஒரு சொல்லே அவனை யோசிக்க வைக்கும்.

தண்டனை மாற்று, அதாவது நமக்கு வரவேண்டிய தண்டனையை இயேசு ஏற்றார் என்ற விளக்கம், 16ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதிகளிடம் அழுத்தம் பெற்றது. அது மட்டுமே விளக்கம் என்று வகுப்பில் சொல்லாதீர்கள். ஆதிச் சபையில் சாவின் மேல் கிடைத்த வெற்றியாகவே பலர் பேசினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் சட்டென்று பிடிக்கும்.