பேசிக், ஃபோர்ட்ரான் போன்ற பொதுவான நிரல்மொழிகள் எல்லாம் இருந்தும், 1960களில் பாடம் நடத்துவதற்கென்றே தனி நிரல்மொழிகள் ஏன் வந்தன? அவை எப்படி இயங்கின?

திரையில் ஒரு கேள்வியைக் காட்ட எந்த மொழியும் போதும். வம்பு அதற்குப் பிறகுதான். சதுரத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்டால் மாணவர் ‘4’ என்பார், ‘நாலு’ என்பார், ‘4 பக்கம்’ என்பார், ‘4ன்னு நினைக்கிறேன்’ என்றும் தட்டுவார். ஆசிரியர் இவை அத்தனையையும் சரி என்று எடுத்துக்கொள்வார். கணினியை அப்படி எடுத்துக்கொள்ள வைப்பதற்குப் பொதுமொழிகளில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். 1964-இல் வந்த முதல் பேசிக்கில் பயனரிடம் உள்ளீடு வாங்கும் இன்புட் கட்டளையே கிடையாது. ஆகவே இந்த மொழிகளின் உயிர், விடையை மதிப்பிடும் பகுதியில் இருக்கிறது. ஒன்றோடொன்றை ஒப்பிடும்போது அதை மட்டும் பார்த்தால் போதும் என்பேன்.

ஐபிஎம்மின் கோர்ஸ்ரைட்டர் என்ற பாடமொழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டெழுத்துக் கட்டளைகள்: கேள்விக்கு ‘கியூயூ’, சரியான விடைக்கு ‘சிஏ’, எதிர்பார்த்த தவறுக்கு ‘டபிள்யூஏ’, எதிலும் சேராத விடைக்கு ‘யூஎன்’. இதில் யூஎன் அருமையான யோசனை. அடுத்தடுத்து மூன்று யூஎன் எழுதினால், மாணவர் முதல்முறை வழுக்கும்போது முதல் குறிப்பு, இரண்டாம் முறை இரண்டாவது என்று தானாக நகரும். கோர்ஸ்ரைட்டரின் இரண்டாம் பதிப்பு, பாடம் நடத்தவே செய்யப்பட்ட ஐபிஎம் 1500 அமைப்பில் ஓடியது.

பைலட் மொழியை உருவாக்கியவர் ஜான் ஸ்டார்க்வெதர். சான் ஃபிரான்சிஸ்கோவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் உளவியல் பேராசிரியர். 1962-இல் கம்ப்யூடெஸ்ட் என்று ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு, அதிலிருந்து பைலட்டுக்கு வந்தார். நிரலாளர் துணையில்லாமல் ஆசிரியரே எழுத வேண்டும் என்பதுதான் குறி. ஒரு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, பிறகு உரை, வரி அவ்வளவுதான். (உண்மையில் ஆங்கில எழுத்துகள், உச்சரிப்பில் தருகிறேன்.)

டி: சதுரத்துக்கு எத்தனை பக்கம்?
ஏ:
எம்: 4, நான்கு, நாலு
டிஒய்: சரி.
டிஎன்: இல்லை. வரைந்து எண்ணிப் பார்.
ஜேஎன்: @ஏ

டி காட்டும், ஏ விடையை வாங்கும், எம் பொருத்திப் பார்க்கும். பொருந்தினால் ‘ஒய்’ ஒட்டிய வரிகள் மட்டும் ஓடும், பொருந்தாவிட்டால் ‘என்’ ஒட்டியவை. கடைசி வரி, பொருந்தாதபோது கடந்த ஏ வரிக்கே திரும்பச் சொல்கிறது. பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் இந்த ஆறு வரியிலேயே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது: எம் தேடுவது சொல்லை அல்ல, எழுத்துத் தொடரை. மாணவர் 14 என்றாலும் 40 என்றாலும் உள்ளே ‘4’ இருக்கிறது. சரி என்று வந்துவிடும். ஆங்கிலப் பாடங்களில் ‘இல்லை’ என்று பொருள்படும் ‘நோ’வைத் தேடினால், ‘தெரியும்’ என்று பொருள்படும் ‘நோ’விலும் அது கிடைக்கும், எழுத்துக்கூட்டு அப்படி. இதைத் தவிர்க்கத்தான் பல பதிப்புகள் விடையின் முன்னும் பின்னும் ஓர் இடைவெளியை ஒட்டி வைக்கின்றன. எம் வரியிலும் 4-ஐ இரு பக்கமும் இடைவெளியோடு கொடுத்தால் 14 மாட்டாது. ஆனால் அப்போது ‘4.’ என்று புள்ளி வைத்தவரும், மேலே பார்த்த ‘4ன்னு’ பேர்வழியும் தோற்றுப்போவார்கள். அதற்கான மாற்றுகளையும் நாமே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, எதிர்மறை. ‘4 இல்லை, 5’ என்ற விடையிலும் 4 இருக்கிறது. இதற்கு வழி, சரியான விடைக்கு முன்பே ஓர் எம் போட்டு ‘இல்லை’யைப் பிடித்து வேறிடத்துக்குத் தாவச் செய்வது. பின்னால் போட்டால் பயனில்லை; அதற்குள் ‘சரி’ திரையில் வந்திருக்கும். ஒய்/என் நிலை எப்போதும் கடைசியாக ஓடிய எம்மைத்தான் சொல்லும் என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டு எம் வரிகளுக்குப் பிறகு ஒரு டிஎன் எழுதி, முதல் எம்முக்கும் அது பொருந்தும் என்று நம்பிக் கெட்ட பாடங்கள் ஏராளம்.

மூன்றாவது: விடை தெரியாத பிள்ளை இந்தச் சுழலிலிருந்து வெளியே வரவே முடியாது. ஒரு எண்மாறியை ஏ வரிக்கு மேலே பூஜ்யமாக்கி, ஒவ்வொரு தவறுக்கும் ஒன்று கூட்டி, மூன்றானதும் விடையைச் சொல்லிவிட்டு நகர வேண்டும். பூஜ்யமாக்கும் வரி சுழலுக்குள் மாட்டிக்கொண்டால் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாது. கோர்ஸ்ரைட்டரின் யூஎன் சும்மா தந்ததை இங்கே கையால் கட்ட வேண்டியிருக்கிறது.

டியூட்டர் என்ற மொழி வேறு ரகம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960-இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்புக்காக பால் டென்சார் வடிவமைத்தது. 1972-இல் வந்த பிளேட்டோ 4-இன் திரை 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட ஆரஞ்சு நிறப் பிளாஸ்மா; விரலால் தொட்டும் பதில் சொல்லலாம். எழுத்துக் கணக்கில் 32 வரி, 64 நெடுவரிசை. கீழே வரும் 1812 என்றால் 18-ஆம் வரி, 12-ஆம் நெடுவரிசை.

யூனிட் உருவம்
அட் 1812
ரைட் இது என்ன உருவம்?
ஆரோ 2015
ஆன்சர் <இது,ஒரு> (செங்கோண,நேர்கோண) முக்கோணம்
ரைட் மிகச் சரி!
ராங் <இது,ஒரு> சதுரம்
ரைட் பக்கங்களை எண்ணு.

(இங்கே ‘யூனிட்’ பாடத்தின் ஒரு பகுதி, ‘அட்’ திரையில் இடத்தைக் குறிக்கும், ‘ரைட்’ என்பது ‘எழுது’, ‘ஆரோ’ விடையை வாங்கும் இடம்.) ஆன்சர் வரியைப் பாருங்கள். கோண அடைப்புக்குள் இருப்பவை வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை. பிறை அடைப்புக்குள் இருப்பவை ஒரே பொருள். இதிலெல்லாம் இல்லாத சொல் வந்தால் விடை பொருந்தாது. அதனால் ‘முக்கோணம் இல்லை’ தானாகவே விழுந்துவிடும். பைலட்டின் இரண்டாம் பள்ளம் இங்கே கிடையாது. தவறான சொல்லின் அடியில் எக்ஸ் குறிகள், எழுத்துப்பிழைக்குச் சமக்குறிகள் என்று எங்கே பிசகியது என்பதையும் காட்டும். எழுத்துப்பிழையை மன்னிக்கச் சொல்லும் வசதியும் உண்டு. சல்ஃபேட், சல்ஃபைட் என்று ஓரெழுத்தில் பொருள் மாறும் வேதியியல் பாடத்தில் மட்டும் அதைத் தொடாதீர்கள்.

எண் விடைக்கு ‘ஆன்ஸ்வி’ என்ற தனிக் கட்டளை. 3.14-க்கு ஒரு சதவீதம் கூடக்குறைய ஏற்கச் சொல்லலாம். இது மாணவர் தட்டும் கோவையைக் கணக்கிட்டே பார்க்கும் என்பதால், 7 பெருக்கல் 8 எவ்வளவு என்று கேட்டால் அவர் அதையே திருப்பித் தட்டி ‘சரி’ வாங்கிக்கொள்வார்! விடைக்கான நிபந்தனைகளைச் சொல்லும் ‘ஸ்பெக்ஸ்’ வரியில், கணக்குக் குறிகள் கூடாது எனும் ‘நோஆப்ஸ்’ கொடுத்தால்தான் அந்த வழி அடைபடும். மாறிகள் விஷயத்தில் டியூட்டர் கஞ்சம்: ஒரு மாணவருக்கு 150. என்1, வி1 என்ற இரு மாறிப்பெயர்களும் ஒரே நினைவிடம். முன்னது முழு எண்ணாக, பின்னது தசமமாகப் படிக்கும். ஒன்றில் எழுதி மற்றதில் படித்தால் குப்பைதான் வரும்.

இன்று தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால், சைபர்1 என்ற தளத்தில் பழைய பிளேட்டோ இன்னும் ஓடுகிறது. கணக்கு கேட்டு வாங்கி, பீடெர்ம் என்ற முனைய மென்பொருளோடு இணையலாம். பைலட்டுக்கு, அட்டாரி என்ற பழைய வீட்டுக் கணினியைப் போல இயங்கும் ஒரு எமுலேட்டரும் அட்டாரி பைலட் கார்ட்ரிட்ஜ் கோப்பும் போதும். எதில் தொடங்கினாலும் சதுரக் கேள்வியை எழுதிவிட்டு, 14 என்று தட்டிப் பாருங்கள்.